எங்கள் ஊர் ஆரோக்கிய நகரமாக இருந்த காலம்

எங்கள் ஊர் ஒரு காலத்தில் ஆரோக்கிய நகரமாக இருந்தது. சிரிக்க வேண்டாம். மன்னார்த் தீவின் வடகரையில், ஒரு பக்கம் பனையும் மறுபக்கம் கடலுமாக, நடுவே கருவாடு காய்ந்துகொண்டிருக்கும் அந்த மணல் ஊரைத்தான் சொல்கிறேன். காற்று மாற்றி உடம்பைத் தேற்றிக்கொள்ள வெளியூர் ஆட்கள் தேடி வரும் இடமாக அது இருந்தது. எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. தேடி வந்தவர் ஒரேயொருவர்தான் என்பதற்காக ஒரு நகரத்தின் சரித்திரத்தையே எழுதாமல் விடுவது என்ன நியாயமோ, எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவர்கள் எழுதாவிட்டால் போகட்டும், நான் சொல்கிறேன். அந்த நகரத்தை உண்டாக்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது ஏழு வயது.

மாமா நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் இருந்தவர். வெள்ளைக்காரர் கொடியை இறக்கிக்கொண்டு போனதில் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. கொஞ்ச நாளில் மாமாவுக்கு வேலை போனது. ஒரு தகரப் பெட்டியும், இரண்டு வெள்ளைக் காற்சட்டையும், தலை நிறைய யோசனையுமாக வந்து இறங்கினார். "அங்க சனம் காசு குடுத்துக் குளிருது அக்கா!" என்று அம்மாவிடம் சொன்னார். "குளிரையே விக்கலாமெண்டால் எங்கட உப்புக் காத்தை விக்கேலாதோ?"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவேயில்லை. "மீன் வித்துப் பாத்தாச்சு. கருவாடு வித்துப் பாத்தாச்சு. இனிக் காத்துத்தான் மிச்சம். வில்லும் மச்சான், வில்லும்!" என்றார்.

மாமா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். கடற்கரை ஓரம் எங்களுக்கு ஒரு சின்னக் கல்வீடு இருந்தது. வலையும் கயிறும் போட்டு வைக்கும் வீடு. அதை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்து, இரும்புக் கட்டில் ஒன்றும் விறாந்தையில் சாய்மனைக் கதிரை ஒன்றும் போட்டார். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற்றில் 'கடற்காற்று ஆரோக்கிய விடுதி' என்று பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டார். ஹோட்டல் சுவரில் இருந்த படம் ஒன்றில் துரைசானிமார் உடுப்பு மாற்றக் கடற்கரையில் பெட்டி பெட்டியாக அறைகள் வைத்திருந்ததைக் கண்டிருக்கிறார். அதைப் பார்த்து ஓலைக் கிடுகினால் ஓர் அறை கட்டினார். அடுத்த நாள் காலையில் அதற்குள் ஒரு கழுதை தன் குட்டியோடு நிழலுக்குப் படுத்திருந்தது. ஆரோக்கிய நகரத்தின் முதல் விருந்தாளி அதுதான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாமா அதற்கெல்லாம் அசைகிற ஆளா? அடுத்ததாகக் கருவாடு காயப்போடும் பெண்களிடம் போய், காற்று வருகிற பக்கம் பாய் விரிக்க வேண்டாம், மேற்குப் பக்கம் எடுத்துக்கொண்டு போங்கோ என்று கேட்டார். "உமக்குக் காத்து வேணுமெண்டால் நீர் காத்தை மேற்குப் பக்கம் கொண்டு போம்!" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பாய் விரித்த இடத்திலேயே கிடந்தது.

ஆனால் மாமாவின் திட்டத்துக்கு உண்மையான இடைஞ்சல் கழுதையுமல்ல, கருவாடுமல்ல. நான்தான்.

எனக்கு முட்டு வருத்தம். கொஞ்சம் ஓடினால், மழையில் நனைந்தால், சில நாள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி இழுக்கத் தொடங்கிவிடும். எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தானாம். நான் பிறக்குமுன்பே, வாடைக்காற்று வீசும் மாரி காலம் ஒன்றில், இதே முட்டில் போய்விட்டான். அம்மா அவனைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் வாடை தொடங்கினால் என் முதுகில் கையை வைத்தபடிதான் படுப்பார். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு என்னில் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு சுகமாக நித்திரை கொள்வேன்.

"காத்து அவ்வளவு திறமெண்டால், பிறந்த நாள் துவக்கம் அதைக் குடிக்கிற இவளுக்கு ஏன் தம்பி இழுக்குது?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "விருந்தாளியளுக்கு முன்னால இவளை இருமாமப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா," என்றார்.

நான் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். ஊர் பெரிய நகரமாவது என் நெஞ்சில்தான் தங்கியிருக்கிறது என்ற பெருமை வேறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

கடற்கரை நகரங்களுக்கு ஆட்கள் கடல் அடங்கிக் கிடக்கும் காலத்தில்தான் போவார்களாம். எங்கள் நகரத்துக்கு நோயாளி வந்தது ஐப்பசியில், வாடை எழும்பிக் கடல் குமுறத் தொடங்கும் நேரம். அந்தச் சின்ன விசயத்தை மாமா யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ரயிலில் போகும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களிடம் காற்றின் மகிமையை மட்டும் சொல்லியிருக்கிறார். அப்படிக் கேட்ட ஒருவர் தன் சொந்தக்காரருக்குச் சொல்ல, அவர் யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, எங்கள் ஸ்ரேசனில் வந்து இறங்கினார்.

அவர் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அப்போதிக்கரியாக இருந்து இளைப்பாறியவர். அப்போதிக்கரி என்றால் டாக்குத்தருக்கு ஒரு படி கீழே, மருந்து கலக்குகிறவருக்குப் பல படி மேலே. மனைவி இறந்துவிட்டார். அந்த வருடம் நிமோனியா வந்து, படுத்து எழும்பியும் சளி விடாமல் மெலிந்துபோனார். உயரமான மனிதர், தோள் மட்டும் முன்னுக்கு வளைந்திருந்தது. கழுத்தில் கம்பளிச் சால்வை, நெற்றியில் திருநீறு. ஊரில் எல்லோரும் அவரை அப்போதிக்கரி ஐயா என்றே கூப்பிட்டோம்.

அவர் வருவதற்கு முதல்நாள் மாமா அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: "ஐயா சைவம். இறைச்சி கிறைச்சி தொடமாட்டார்." அம்மாவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. நாங்கள் வேதக்காரர். வெள்ளிக்கிழமைகளிலும் தபசு காலத்திலும் இறைச்சி தொடமாட்டோம், மீன்தான் தின்போம். பெருநிலத்திலிருந்து நெல் கொண்டுவருகிற சைவ ஆட்களும் போகும்போது எங்கள் கருவாட்டைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆகவே, பாவம், ஐயா வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கிறவர் என்று அம்மா விளங்கிக்கொண்டார். அப்பா விடியவே போய் நல்ல விளைமீனாகக் கொண்டுவந்தார். அம்மா அதில் ஒரு குழம்பு, ஒரு பொரியல், இறால் போட்டு ஒரு சொதி, முருங்கையிலைக்குள் கொஞ்சம் நெத்தலி என்று வைத்துச் சோற்றுக் கோப்பையை நிரப்பி அவர் முன்னால் வைத்தார்.

ஐயா கோப்பையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி, கொஞ்சம் தயிர் இருக்குமோ?" என்று கேட்டார்.

"இறைச்சி ஒரு துண்டும் போடேல்லை ஐயா. எல்லாம் மீன்தான். பயப்பிடாமச் சாப்பிடுங்கோ!" என்றார் அம்மா.

ஐயா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மாமா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அதற்குள் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "மாதாவே!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கோப்பையைத் தூக்கியபடி குசினிக்குள் ஓடியவர், அன்று முழுக்க ஐயாவின் முகத்தில் விழிக்கவில்லை. ஐயா வாழைப்பழமும் வெறும் சோறும் சாப்பிட்டார். அன்று மாலையே மாமா மன்னாருக்குப் பஸ் ஏறிப்போய்ப் புதுச் சட்டி பானை, அகப்பை, முருங்கன் பக்கத்துக் கத்தரிக்காய், பூசணிக்காய் எல்லாம் வாங்கி வந்தார். கல்வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து ஐயாவுக்கென்று தனி அடுப்பு உண்டானது. அம்மா குளித்துவிட்டுத்தான் அந்த அடுப்பைத் தொடுவார். உழுந்தும் பருப்பும் வேகிற மணத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேலியோரம் வந்து நின்று, மீன் இல்லாத குழம்பு எப்படித்தான் இறங்குகிறது என்று புதினம் பார்த்தார்கள்.

கருவாட்டு மணத்துக்காக மாமா மன்னிப்புக் கேட்டபோது, "மணம் மூக்கோட நிக்கட்டும் தம்பி. நாக்குத்தான் என்ர பொறுப்பு. இந்த வயது வரைக்கும் அதில மீன் மச்சம் பட்டதில்லை," என்று ஐயா சொன்னார்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். எந்த ஆரோக்கிய நகரத்திலும் ஊர் வந்தவரைச் சுகப்படுத்தும். எங்கள் ஊரில் வந்தவர் ஊரைச் சுகப்படுத்தினார். ஒரு கிழமைக்குள் விறாந்தை நிறைய ஆட்கள். காதுக்குள் குத்து, கண் நோ, காலில் திருக்கை முள்ளுக் குத்தியது, பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி, மாமியாருக்கு மூட்டு வலி. ஒருவர் தன் மாட்டைக்கூடக் கொண்டுவந்தார். "ஐயா ஓய்வெடுக்க வந்தவர்! போங்கோ, போங்கோ!" என்று மாமா வாசலில் நின்று கத்துவார். ஐயாவோ உள்ளேயிருந்து, "வரச் சொல்லும் தம்பி, சும்மா கிடந்தால் எனக்கு வருத்தம் கூடும்," என்பார். இருமிக்கொண்டே அவர்களுடைய நெஞ்சில் குழாயை வைத்துப் பார்ப்பார். பார்க்கப்போனால் விறாந்தையில் எல்லோரையும்விட மோசமாக இருமியவர் அவர்தான்.

நான் மட்டும் கிட்டப் போவதில்லை. என் கடமை எனக்குத் தெரியும். ஒருநாள் அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பியபோது தப்ப வழியில்லை. வாசலில் நின்று பெரிய மூச்சாக இழுத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கோப்பையைக் கொண்டுபோய் நீட்டினேன். ஐயா வாங்காமல் என்னையே பார்த்தார்.

"என்ன குஞ்சு, முகம் கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு? மூச்சை விடு பாப்பம்."

தலையை ஆட்டினேன். மாட்டேன் என்று. அவ்வளவுதான், வெடித்து வந்தது. தேத்தண்ணி பாதி அவர் கட்டியிருந்த சாரத்தில். இழுத்து இழுத்து இருமி முடித்துவிட்டு, "மாமாட்டச் சொல்லாதேங்கோ," என்றேன். "நான் இருமினால் விடுதிக்கு ஆக்கள் வரமாட்டினம்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே என்னைப் பக்கத்தில் இழுத்து முதுகில் குழாயை வைத்தார். வைத்த பிறகு சிரிக்கவில்லை.

கார்த்திகையில் வாடை முழுசாக எழும்பியது. வடகடலில் வலை போட முடியாத காலம். வழமைபோல அப்பாவும் ஊர் ஆண்களும் தீவின் தென்கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கி மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். வீட்டில் அம்மாவும் நானும் மாமாவும்தான். ஒரு மத்தியானம், மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இழுப்பு வந்தது. முன்பு வந்தது மாதிரி அல்ல. உள்ளே எடுத்த மூச்சு வெளியே போகவில்லை. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள். அம்மா என் பெயரையா, அண்ணனின் பெயரையா கூப்பிட்டார் என்று எனக்கு ஞாபகமில்லை. மாமா மழைக்குள் ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிவந்தார். அவர் என்னை முன்னுக்குச் சாய்த்து உட்காரவைத்து, தன் பெட்டியிலிருந்த குளிசை ஒன்றைக் கரைத்துப் பருக்கி, கொதிதண்ணீர் ஆவி பிடிக்கவைத்து, பொழுதுபடும்வரை என் முதுகைத் தாங்கிக்கொண்டு இருந்தார். "மெல்ல, குஞ்சு, மெல்ல. ஊதி விடு. மெழுகுதிரி அணைக்கிற மாதிரி ஊது." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி வந்தேன்.

நான் தெளிந்த பிறகு அவர் அம்மாவிடம் சொன்னதைப் படுத்திருந்தபடி கேட்டேன். "நெஞ்சு மட்டுமில்லைத் தங்கச்சி. உடம்பில ஒரு சத்துமில்லை. இன்னும் ரெண்டு மாசம் வாடை கிடக்கு. இப்பிடி இன்னொண்டு வந்தால் தாங்கமாட்டாள். மீனெண்ணெய் குடுங்கோ. காலமை காலமை, ஒரு நாளும் விடாமல்."

போத்தலில் விற்கும் மீனெண்ணெய் மன்னாரில் அப்போது கிடைக்கவில்லை. மாமா தென்கரைக்குப் போய்ச் சொன்னார். அப்பா புதுச் சுறாவின் ஈரலை எடுத்து, தானே இருந்து காய்ச்சி வடித்து, தெளிந்த எண்ணெயை ஒரு போத்தலில் அனுப்பினார். மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மணத்தில் மறைக்க முடியுமா?

"இது வள்ளத்துக்குப் பூசிறது!" என்று கத்தினேன். "நான் என்ன வள்ளமோ?"

அம்மா சீனி காட்டினார். பனங்கட்டி காட்டினார். மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக நேர்ந்தார். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியபோது அவருடைய சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தேன். சுவாமியாரிடம் சொல்லுவேன் என்று வெருட்டினார். மாமா, வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள் என்று ஒரு பிரசங்கம் வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு மூச்சுத்தான் குறைவு, பிடிவாதம் குறைவில்லை. இரண்டாம் நாள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். ஐயா வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"ஒரு கரண்டிதானே குஞ்சு. கண்ணை மூடினால் முடிஞ்சுது."

"அப்ப நீங்கள் குடியுங்கோ பாப்பம்," என்றேன். "நீங்கள் குடிச்சால் நானும் குடிப்பன்."

"எடியே!" அம்மா பாய்ந்து எழும்பினார். "ஆரோட என்ன கதை கதைக்கிறாய் நீ?" அடிக்கக் கை ஓங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைக் குடிக்கச் சொன்னதைத்தானே நான் அவரைக் குடிக்கச் சொன்னேன்? இதிலென்ன குற்றம்?

"விடுங்கோ தங்கச்சி," என்று ஐயா அம்மாவின் கையைத் தடுத்தார். சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். அந்தக் காற்றுக்குள் கடற்கரையோரம் நெடுநேரம் நடந்துகொண்டிருந்தார் என்று மாமா வந்து சொன்னார். இரவுச் சாப்பாடும் வேண்டாமென்று விட்டாராம்.

அடுத்த நாள் காலையில் அவர் கிணற்றில் முழுகி, ஈரத் தலையோடு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு கரண்டி கொண்டு வாங்கோ," என்றார்.

அம்மா அசையவில்லை. "வேண்டாம் ஐயா. நான் அடிச்சாவது பருக்கிறன். உங்களுக்கு இந்தப் பாவம் வேண்டாம்."

"அடிச்சுப் பருக்கினால் சத்தி எடுப்பாள். இண்டைக்கு அடிப்பியள். வாடை முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் அடிப்பியளோ?" பிறகு கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "உத்தியோகத்தில இருக்கேக்க எத்தினை பிள்ளையளுக்கு இதை ஊத்திக் குடுத்திருப்பன். குடுத்துப்போட்டு உடன போய்க் கை கழுவுவன். இந்தமுறை கை கழுவித் தப்பேலாது போல கிடக்குத் தங்கச்சி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கரண்டிகளைக் கொண்டுவந்தார். ஐயா இரண்டையும் நிரப்பினார். ஒன்றை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஏதோ செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். கரண்டி வாய்க்குப் போனது. தொண்டை ஒருமுறை ஏறி, நின்று, இறங்கியது.

"வாயைத் திறவுங்கோ," என்றேன்.

திறந்து காட்டினார். ஏமாற்று இல்லை. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு என்னுடையதை விழுங்கினேன். அவர் செய்தால் நான் செய்யக்கூடாதா என்ன?

அப்படியே ஒவ்வொரு காலையும். அவர் முதலில், நான் பிறகு. அவருடைய கரண்டி நிரம்பவில்லை என்று பட்டால் நான் விடமாட்டேன். விளிம்புவரை ஊற்றச் சொல்லுவேன். குடித்த உடனே அவர் கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துக்கொண்டே நிற்பார், கொப்பளிப்பார், மறுபடி கொப்பளிப்பார். இவ்வளவு பெரிய மனிதருக்குக் கசப்புக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். என் பனங்கட்டியில் பாதியைக் கடித்துக் கொடுத்து, "இதைக் கன்னத்துக்குள்ள வைச்சுக்கொள்ளுங்கோ, ஒண்டும் தெரியாது," என்று புத்தியும் சொன்னேன். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் என்னோடு எண்ணெய் குடிப்பதை ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லிப் பெருமையடிக்க எனக்கு எவ்வளவு ஆசை! அம்மா விடவில்லை. "வெளியில ஒரு சொல்லு விட்டியோ, வாயில சூடு வைப்பன்," என்றார். அதற்குப் பிறகு ஐயாவின் அடுப்பை அவர் இன்னும் சுத்தமாக வைத்தார். தலையில் தண்ணீர் வார்க்காமல் அந்தப் பக்கம் போவதேயில்லை. என் கை ஐயாவுடைய தண்ணீர்க் குடத்தில் பட்டதற்கு ஒருநாள் குட்டும் வாங்கினேன். எண்ணெயே குடிக்கிற மனிதருக்கு இவ்வளவு ஆசாரம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன், குட்டுக்குப் பயந்து சொல்லவில்லை.

மார்கழி போனது. பாலன் பிறப்புக்குக் கோயிலில் முழுப் பூசையும் முழங்காலில் இருந்தேன், இழுக்கவில்லை. தையும் போனது. இடையில் ஒருமுறை இலேசாக வந்தது, வந்த மாதிரியே போய்விட்டது. எண்ணெயோ, குளிசையோ, மெழுகுதிரி ஊதிய மூச்சோ, எது செய்ததென்று நான் சொல்ல மாட்டேன். மாசியில் கடல் அடங்கி அப்பா திரும்பி வந்து என்னைத் தூக்கியவர், "என்னடி இது, நங்கூரக் கல்லு மாதிரிக் கனக்கிறாய்!" என்று கீழே விட்டார். அம்மா அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்துவிட்டார்.

மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? "காத்து! நான் சொன்னனான் எல்லோ, காத்து!" என்று என்னை வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டினார். இருமாதே என்று ஒளித்து வைத்த பிள்ளையை முன்னால் நிறுத்தி விளம்பரம் செய்தார். ஐயாவுக்கும் சளி இறங்கி, முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. ஆரோக்கிய நகரத்தின் பொற்காலம் என்றால் அந்த இரண்டு கிழமைதான். அவருக்குப் பிறகு யாரும் வரவில்லை. சோளகக் காற்றுத் தொடங்குமுன்பே அப்பா வலைகளைத் திரும்பவும் கல்வீட்டுக்குள் போட்டுவிட்டார்.

ஐயா புறப்பட்ட நாளில் ஊரே ஸ்ரேசனுக்கு வந்தது. எங்கள் ஊரில் யார் புறப்பட்டாலும் கையில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் போகும். அவருக்குப் பனையோலைக் குட்டானில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் கட்டிக் கொடுத்தார்கள். அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான்தான் கதைத்தேன். பனிக்குள் போகக்கூடாது, சால்வையைக் கழற்றக்கூடாது, போய்ச் சேர்ந்ததும் எண்ணெயை விடக்கூடாது என்று கட்டளை போட்டேன். "ஓம் குஞ்சு, ஓம்," என்றார். ரயில் அசைந்த பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாமாவும் கூடப் போனார்.

மதவாச்சிவரை போய் ஏற்றிவிட்டு வருவதாகச் சொன்ன மாமா பொழுதுபடுமுன்பே திரும்பி வந்துவிட்டார். வந்தவர் குசினி வாசலில் குந்தினார்.

"ஐயா வீட்டை போகேல்லை அக்கா. திருக்கேதீச்சரத்தில இறங்கிட்டார். சிவன் கோயிலடிப் பாலாவிக் குளத்தில முழுகி, அங்க மடத்தில விரதமிருக்கப் போறாராம். அது முடிச்சுத்தான் தன்ர வீட்டுச் சாமியறைக்குள்ள கால் வைப்பாராம். சாமானை வைச்சிட்டு என்னைப் போகச் சொல்லிட்டார்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அக்காட்டச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவர்," என்றார் மாமா.

எனக்கு வந்த கோபம்! எங்கள் கடல் அவருக்குக் காணாதா? வாடை முழுக்க எங்கள் காற்றைக் குடித்து, எங்கள் கரையில் நடந்து, எங்களால் சுகப்பட்டுவிட்டு, போகிற வழியில் யாரோ ஒருவருடைய குளத்தில் இறங்கி முழுகுவதா? "இவ்வளவு பெரிய கடலை விட்டிட்டுக் குளத்துக்குப் போறாரோ? நன்றி கெட்ட மனிசன்!" என்று கத்தினேன். மாமா தன் நகரத்துக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடிப்பார் என்று பார்த்தேன். அவர் மீன் பட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி, கண்ணீர் ஓட ஓட என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்களோடு பேசிப் பயனில்லை என்று வெளியே பாய்ந்தேன். ஒழுங்கை முழுக்க ஓடி, கல்வீட்டைத் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய ஓடி, அலை வந்து காலை நனைக்கும்வரை ஓடினேன். அங்கே நின்று, கடலுக்குக் கேட்கிற மாதிரி அப்போதிக்கரி ஐயாவைப் பெரிய குரலில் திட்டித் தீர்த்தேன். திட்டி முடிக்கும்வரை ஒருதரமும் எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை.